ஆறு மணி வரை வாடகை

பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலத்திலேயே அவருக்கு ‘மிச்சம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். போல்ட்டு வாங்கிக்கொண்டு போன மெக்கானிக் வேலையை முடித்துக் கை துடைப்பதற்குள் பின்னாலேயே போய் நின்று, “மிச்சம் எங்க?” என்பார். கிரீஸ் டப்பா காலி என்று யாராவது கொண்டுவந்து வைத்தால், உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, “இதுக்குப் பேர் காலியா?” என்று திருப்பி அனுப்புவார். அவர் ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டினார்கள். அட்டைப் பெட்டியில் ஒட்டியிருந்த கிரீமைக்கூடக் கத்தியால் வழித்தெடுத்தார் என்பது கட்டிவிட்ட கதை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கண்ணால் பார்த்தவர்கள் டிப்போவில் இன்னும் இருக்கிறார்கள்.

கஞ்சன் என்று அவரைச் சொல்வது பாவம். கஞ்சனுக்குப் பையிலிருந்து காசை எடுக்கவே கை வராது. இவர் கேட்ட மாத்திரத்தில் எடுத்துக் கொடுப்பார். கொடுத்த பிறகுதான் தொல்லை. கொடுத்ததற்கு ஈடாக வந்ததைத் துளி விடாமல் தீர்த்தாக வேண்டும். சினிமா மகா மட்டம், கொட்டகையே எழுந்து போய்விட்டது என்றாலும், டிக்கெட் வாங்கிவிட்ட தோஷத்துக்கு இவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். இருமல் நின்று ஒரு வாரமான பிறகும் பாட்டிலில் மருந்து இருக்கிறதே என்று வேளை தவறாமல் குடிப்பார். மனைவி கேட்டால், “காசு கொடுத்தாச்சுல்ல” என்பார். அந்தப் பதிலுக்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

இந்தக் குணம் சினிமாவோடும் இருமல் மருந்தோடும் நின்றிருந்தால் யாருக்கு என்ன வந்தது? மகள் கல்யாணத்தில் வந்து நின்றது. ஒரே மகள். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவர் எதிரில் வந்து நின்று, இந்தக் கல்யாணம் வேண்டாம், அந்த ஆள் போனில் பேசுகிற விதமே பயமாக இருக்கிறது என்றாள். அவர் பேப்பரை மடித்துக்கூட வைக்கவில்லை. “மண்டபத்துக்கு முழுப் பணமும் கட்டியாச்சும்மா” என்றார். கல்யாணம் நடந்தது. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள், கட்டிய பணத்தில் ஒரு காசு வீணாகவில்லை. மகளுக்குப் பிறந்த பெண் குழந்தை நடை பழகுவதற்கு முன்பே அந்தக் கல்யாணம் முடிந்தும் போனது.

அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பவில்லை. வேறு ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை தேடிக்கொண்டு, ஒற்றை அறை பிடித்துக் குழந்தையை வளர்த்தாள். போன் எல்லாம் அம்மாவுக்குத்தான். “அப்பா நல்லா இருக்காரா?” என்று ஒரு வார்த்தை கேட்பாள். “இருக்காரு” என்று பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக்கொண்டே அம்மா சொல்வாள்.

வீட்டின் பின்பக்கக் கதவு அப்போது சாத்தியதுதான், பிறகு திறக்கவில்லை. துணி உலர்த்துவதுகூட மாடிக்குப் போய்விட்டது. ஆள் புழங்காத இடத்தில் செடிக்குக் கேட்கவா வேண்டும்? முள்ளும் கொடியும் சமையலறை ஜன்னல் கம்பியைத் தொட்டன. உடைந்த சிமெண்டுத் தொட்டி, துணிக்கொடி கட்டிய கம்பங்கள், வெட்டிப்போட்ட இரண்டு மரங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் பச்சைக்குள் முங்கின. பிறகு ஒருநாள் அம்மாவுக்குப் போன் வந்தது. மகள் குடியிருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் இடிக்கப் போகிறார். சனி, ஞாயிறு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். குழந்தைக்கு இந்த இடம் பிடித்து, தனக்கும் மனம் ஒட்டினால், இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறாள்.

அன்று அவர் பரபரப்பில் இரண்டு முறை குளித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாளே அரிவாளோடு பின்பக்கம் இறங்கினார். பத்தடி வெட்டுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டு, மனைவி தைலம் தேய்க்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன்தான் யோசனை சொன்னார். குட்டி ஜேசிபி ஒன்று நாள் வாடகைக்குக் கிடைக்கும், சந்துக்குள்ளேயே நுழையும், ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டும் போவார்கள் என்றார். மிச்சம் அன்றைக்கே போய்ப் பணம் கட்டினார். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாலை ஆறு மணி வரை மெஷின் அவருடையது.

மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “என்னங்க, எல்லாத்தையும் எடுங்க. மூலையில இருக்கற அந்தக் குட்டி ரூம மட்டும் தொடாதீங்க. இன்னும் இருக்கான்னு போன்ல கேட்டா.”

அது கோழிக்காகக் கட்டிய அறை. வீடு கட்டியபோது மீந்த செங்கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டியது. தீவனச் செலவைக் கேட்டதும் கோழி வாங்கும் யோசனையைக் கைவிட்டார். மகள்தான் அதைப் பிடித்துக்கொண்டாள். பெரியவர்கள் குனிந்தால்தான் நுழையலாம். ஒரு பக்கம் இரண்டு செங்கல் அகலத்தில் ஜன்னல். உள்ளே பலகை போட்டு, டப்பாக்கள் அடுக்கி, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அதற்குள்தான் இருப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால், “என் வீட்டுல சமையல் ஆயிடுச்சு” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

வெள்ளிக்கிழமை வண்டி வந்து இறங்கியது. மஞ்சள் நிறம், செயின் சக்கரம், முன்னால் மடங்கிய கையில் ஒரு பக்கெட். கொண்டுவந்த ஆள் லீவர்களைக் காட்டி, “மாடு மாதிரிதான் சார். இழுத்தா வரும், விட்டா நின்னுடும், கோவப்பட்டா முட்டும்” என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலை வந்து எடுத்துக்கொள்வதாகப் போனார். மிச்சம் முதலில் முட்டியது சிமெண்டுத் தொட்டியை. எப்படியும் போகவேண்டிய தொட்டிதான், அதனால் மானம் தப்பியது. கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. புதர் வேரோடு வந்தது. முப்பது வருஷ அடிக்கட்டை பல் பிடுங்குகிற மாதிரி வெளியே வந்து விழுந்தது. எலெக்ட்ரீஷியன் மாடியிலிருந்து கை தட்டினார். அவருக்குள்ளே இப்படியொரு சந்தோஷம் எழும்பி எத்தனை காலம் ஆயிற்றோ! பேத்தி இங்கே ஓடும், இங்கே ஊஞ்சல் போடலாம் என்று ஒவ்வொரு இடமாக மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே போனார்.

எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. இத்தனை வருஷம் மலைபோல நின்ற வேலை அரை நாளுக்குக்கூடக் காணவில்லை. தரையை நிரவி, குப்பையைச் சுவரோரம் குவித்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். மனைவி பேத்திக்குப் போர்வையும் பல் துலக்கும் பிரஷும் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். மெஷின் சும்மா நின்றது. சும்மா நிற்கும் மெஷினைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஏற்கெனவே நிரவிய தரையை இன்னொரு தரம் நிரவினார். குவித்த குப்பையை இன்னும் கொஞ்சம் தள்ளிக் குவித்தார். பொழுது நகரவில்லை. அப்போதுதான் மூலையைப் பார்த்தார். சுற்றியிருந்த பச்சை போய்விட்டதால் அந்த அறை மொட்டையாக நின்றது. கூரைத் தகரம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. உள்ளே பாம்பு இருக்கலாம். தகரம் துருவேறிக் கிடக்கிறது, குழந்தையின் காலைக் கிழிக்கும். தொடாதே என்றவள் இதையெல்லாம் யோசித்திருப்பாளா? காரணம் தேடுகிறவனுக்குக் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. மெஷின்மேல் ஏறி உட்கார்ந்தார்.

வாடகைதான் காரணம் என்றால் அது பாதி உண்மை. அந்த அறையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வேண்டாம் என்று மகள் சொன்னாளே, அதற்கு மறுநாள் முழுவதும் அவள் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கல்யாண வயதுப் பெண், கோழிக் கூண்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வீட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இருபதடி தூரம். போய்க் குனிந்து, என்னம்மா என்று கேட்டிருக்கலாம். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, விளக்கு அலங்காரக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பக்கெட்டைத் தூக்கி ஒரு தள்ளுத் தள்ளினார். மீந்த செங்கல்லில் கட்டிய சுவர், அவ்வளவுதான் அதன் பலம். சாயங்காலம் மெஷின்காரர் வந்தபோது அந்த மூலையும் மற்ற இடம் மாதிரியே சமமாக இருந்தது. கடையிலிருந்து வந்த மனைவி கதவில் நின்று பார்த்தாள். “ஒண்ணே ஒண்ணுதானேங்க சொன்னேன்” என்றாள். அவர் பாம்பைப் பற்றிச் சொன்னார். அவள் போர்வையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மகள் வந்தாள். மெலிந்திருந்தாள். அவரைப் பார்த்து, “எப்படிப்பா இருக்கீங்க?” என்று நேராகவே கேட்டாள். பேத்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, “அம்மாவோட வீடு எங்க?” என்று பின்பக்கம் ஓடியது. தினம் படுக்கும்போது கேட்ட கதையாம். அந்த அறைக்குள் அம்மா என்ன சமைத்தாள், மழை வந்தபோது என்ன செய்தாள், எல்லாம் அதற்கு மனப்பாடம். கையில் ஒரு துணி. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் திரை, மேலே நாடா கோப்பதற்கு மடித்துத் தைத்தது. இரண்டு செங்கல் அகல ஜன்னலுக்கு மகள் ஞாபகத்திலிருந்தே அளவெடுத்துத் தைத்திருந்தாள்.

குழந்தை திரையைப் பிடித்துக்கொண்டு அந்த வெட்டவெளி முழுக்க நடந்தது. குப்பைக் குவியலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. துணிக்கொடிக் கம்பத்தைச் சுற்றி வந்தது. பிறகு தன்னை விளையாட்டுக்கு ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. மூலையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“எதுக்குப்பா?” என்றாள்.

பாம்பு, தகரம், கூரை எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாய் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டது.

“மெஷினுக்கு ஆறு மணி வரைக்கும் வாடகை கொடுத்திருந்தேம்மா.”

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். குழந்தையிடம் அந்த வீடு ரொம்பப் பழசாகிவிட்டது என்று சொல்லி, திரையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஞாயிறு மதியம் குழந்தை பாட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தது. மகள் பின்வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். அவரும் தள்ளி உட்கார்ந்தார். அன்றைக்கு மண்டபத்தை விட்டுத் தொலைத்திருக்க வேண்டும், தப்புப் பண்ணிவிட்டேன் என்று, எத்தனையோ நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததை ஒருவழியாக அவளிடம் சொன்னார்.

“அத விடுங்கப்பா. உங்ககிட்ட சொன்னதுக்கு மறுநாள் பூரா நான் அந்த ரூமுக்குள்ளதான் உக்காந்திருந்தேன். நீங்க வருவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன். அப்புறம் நானே சமாதானம் ஆயிட்டேன். அப்பா வெளியில அலைஞ்சுட்டு இருக்காரு, நான் இங்க இருக்கறது அவருக்குத் தெரியாது, பாத்திருந்தா வந்திருப்பாருன்னு. அத நம்பித்தான்ப்பா இப்பக் கூட வந்தேன்.”

ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். ஒரு பெருமூச்சு விட்டிருந்தால் அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டிருப்பாள். பேத்திக்கு இந்த ஊரில் பள்ளிக்கூடம் கிடைத்திருக்கும். அது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இவளிடம் இன்னொரு தரம் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போக அவரால் முடியவில்லை.

“பாத்தேம்மா” என்றார். “சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்.”

அவள் எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்ப்பா” என்றாள்.

சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிடப் போனார்கள். பேத்திக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது, தாத்தாவுக்குச் சலிக்காமல் கையாட்டியது. மகள் அம்மாவிடம் மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொன்னாள். அவரிடம் வருகிறேன் என்றாள். என்றைக்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவி, ஸ்கூல் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டாள். இல்லை என்றார். அவள் புதுப் போர்வையை மடித்து அலமாரியில் வைக்கப் போனாள்.

அவர் பின்பக்கக் கதவைத் திறந்து நின்றார். வெளிச்சம் இன்னும் இருந்தது. ஓரத்துக் குப்பைக் குவியலைத் தவிர சுவரிலிருந்து சுவர்வரை ஒரு கல், ஒரு முள் இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடமா இருந்தது என்று அவருக்கே நம்ப முடியவில்லை. ஒரு குழந்தை ஓடி விளையாடத் தாராளமாகப் போதும்.