அவள் பெயரில் பத்துப் பேர்

உள்ளறையில் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. இரும்பு பீரோவின் மேல் இருந்ததால் வீடே நடுங்குவது போலச் சத்தம்.

"எடுக்காதேம்மா," என்று மகள் உள்ளிருந்து சொன்னாள். "காலையிலேருந்து இது நாப்பத்தொண்ணாவது. எல்லாம் திட்டத்தான்."

அக்கா எழுந்திருக்கவில்லை. கூடத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஃபைல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவன் இறந்தபோது இருபத்தாறு வயது, இடுப்பில் குழந்தை. பதிவறையில் கிடைத்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யாருடைய ஃபைல் எந்த அடுக்கில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கம்ப்யூட்டர் வந்தபோது முப்பத்தெட்டு வயதில் இரண்டு விரலால் தட்டக் கற்றுக்கொண்டாள். இருபது வருடத்தில் ஒரு காகிதம்கூட அவள் கையால் தொலைந்ததில்லை.

அந்தப் பெயருக்குத்தான் மூன்று நாளைக்கு முன் தீ வைத்தார்கள். ஒரு ஹேக்கர் குழு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து, பிரசவத்தில் இறந்த ஒரு பெண்ணின் பதிவை ஊரறியப் போட்டது. அவள் இறந்த மறுநாள் மதியம், கொடுத்த மருந்தின் அளவை யாரோ மாற்றியிருந்தார்கள். மாற்றியவர் என்று கீழே அக்காவின் பெயர், படம், கைபேசி எண். அதற்கும் கீழே, 'மக்களுக்காக'. நிர்வாகம் அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. நாளை விசாரணை.

எதிரே இருந்தவன் அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். போன வருடம் மேலதிகாரியான பெரிய டாக்டர் அவனை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று திட்டி வெளியே அனுப்பினார். அன்று அவனுக்காக அழுதவள் அக்கா ஒருத்திதான்.

"அந்தக் குழுவுல நானும் இருக்கேன்க்கா," என்றான், தரையைப் பார்த்தபடி.

"எத்தனை பேரு?"

"ஏழு."

"ஏழு பேருக்கும் மக்கள் மேல அவ்வளவு பாசமா தம்பி?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஒருத்தன் பணத்துக்கு வந்தான். ஒருத்தனுக்கு ஊரே தன்னைப் பத்திப் பேசணும். ரெண்டு பேருக்குப் பூட்டைக் கண்டாலே கை அரிக்கும். திறந்துட்டாப் போதும், உள்ள என்ன இருக்குன்னுகூடப் பார்க்க மாட்டாங்க. ஆனா நான் நியாயத்துக்காக வந்தேன்க்கா. ஒரு உயிரு போயிருக்கு. மறைச்சாங்க."

"அந்த ஆளு உன்னைத் திட்டாம இருந்திருந்தா இந்த நியாயம் உனக்கு எப்ப ஞாபகம் வந்திருக்கும்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"சரி, அதை விடு. பதிவை மாத்தினது நான் இல்லைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. டாக்டர்கள் தங்கள் கடவுச்சொல்லை மறந்துவிட்டு வாரம் தவறாமல் அவனைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். அலுத்துப்போய் ஒரு நாள் அக்காவின் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி, பதிவறைக் கம்ப்யூட்டர் திரையின் ஓரத்தில் ஒட்டினான். எல்லாரும் இதிலேயே போங்க என்றான். நர்ஸிலிருந்து பெரிய டாக்டர் வரை பத்துப் பேர் அவள் பெயரில் உள்ளே போய் வந்தார்கள். யார் எதை மாற்றினாலும், அக்கா மாற்றினாள் என்றே கம்ப்யூட்டர் எழுதிக்கொண்டது.

"உங்க பேரைப் பார்த்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஆனா அதை விசாரிக்கச் சொன்னா வெளியிடறதே தள்ளிப்போகும். அந்த ஆளு தலை குனியறதை உடனே பார்க்கணும்னு இருந்துச்சுக்கா."

"பார்த்தியா?"

"இல்லை. உங்க மேல பழியைத் தள்ளிட்டு அவரு தப்பிச்சிட்டாரு."

"இப்ப எதுக்கு வந்தே?"

"உங்க பேரைச் சத்தமில்லாம எடுத்துடச் சொல்றேன். விசாரணையில சீட்டைப் பத்தி மட்டும் பேசாதீங்க. பேசினா என்கிட்டதான் வந்து நிக்கும்."

மகள் கதவோரம் வந்து நின்றாள். "எடுத்துட்டா ஆச்சா? திட்டினவங்க வீட்டுக்கெல்லாம் போய் அதையும் சொல்லிட்டு வருவீங்களா?"

அக்கா கையமர்த்தினாள்.

"காலையில ஒரே ஒரு போனைத்தான் எடுத்தேன். செத்துப்போன பொண்ணோட புருஷன். அவரு திட்டலை. ஏம்மா இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டுட்டு அழுதாரு. யாரு தப்பு பண்ணாங்கன்னு உன் குழு அவருக்குச் சொல்லலை. வெறுக்க ஒரு ஆளைக் காட்டியிருக்கு, அவ்வளவுதான்."

அவள் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே தொடர்ந்தாள்.

"நாளைக்கு அவரும் வராரு. என் பேர்ல பத்துப் பேரு போனாங்கன்னு அவர் முன்னாடியே சொல்லுவேன். அந்தச் சீட்டை நான் அன்னைக்கே கிழிச்சிருக்கணும். சௌகரியமா இருக்குன்னு விட்டேன். அது என் தப்பு. அதுக்கு வேலை போனா போகட்டும். ஒட்டினது நீ, அதையும் சொல்லுவேன். அந்த மத்தியானம் பதிவறைக்கு வந்தவங்க ஒருத்தர் பேரையும் விடமாட்டேன்."

"ஜெயிலுக்குப் போயிடுவேன்க்கா. எனக்கும் அம்மா இருக்காங்க."

எத்தனை மதியங்களில் தன் சாப்பாட்டில் பாதியை இவனுக்குக் கொடுத்திருக்கிறாள். அவள் கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப நீயே வந்து சொல்லு. பத்து மணிக்கு."

"வரலைன்னா?"

"நான் பேசுவேன்."

"பெரிய டாக்டரு உங்களைச் சும்மா விடமாட்டாரு."

"இத்தனை வருஷமா அவரு கேட்ட ஃபைலை எல்லாம் எடுத்துக் குடுத்தேன். நாளைக்கு நான் உண்மையைக் கேக்கறேன், அவரு எடுத்துக் குடுக்கட்டும்."

அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். வாசலில் நின்று திரும்பினான். அவள் மனம் மாறும் என்று காத்திருந்தது போல் இருந்தது.

"பத்து மணி," என்றாள் அக்கா.

அவன் படியிறங்கினான். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.