பிள்ளை பிடிக்கும் வெள்ளை வேன்

இன்று காலை ரிங்லெட் ஊரில் சரோஜா அக்காவின் மளிகைக் கடைக்குப் போனேன். அக்கா கைப்பேசியை நீட்டினார்.

"தம்பி, பாத்து இரு லா. புள்ள புடிக்கிற வேனாம். எஸ்டேட் குரூப்ல வந்துச்சு."

படத்தில் இருந்தது நான் காய்கறி ஏற்றும் வெள்ளை வேன். நம்பர்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"அக்கா, இது என்னோட வேன். நேத்து ஸ்கூல் பக்கம் டயர் பஞ்சர் ஆயிடுச்சு, மாத்திக்கிட்டு இருந்தேன்."

அக்கா வாசலில் நின்ற வேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் அனுப்பிட்டீங்களா?"

"நாலு குரூப்புக்கு. உண்மையா இருந்துட்டா? புள்ளைங்க விசயம் இல்லையா?"

"என்னைய பத்து வருசமா தெரியும்ல?"

"தெரியும்தான்..." என்றவர், பக்கத்தில் நின்ற மகளை மெல்லத் தன் பின்னால் தள்ளி நிறுத்தினார்.

படம் எடுத்தவர் என்னிடமே வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வெளியே வந்ததும் எஸ்டேட் குரூப்பில் விளக்கம் எழுதினேன். அதை யாரும் வேறெங்கும் அனுப்பவில்லை. வந்தது ஒரே பதில்: "புள்ள புடிக்கிறவனும் இப்படித்தான் சொல்லுவான்."

நாளையும் காய்கறி ஏற்ற அந்தப் பள்ளி வழியாகத்தான் திரிங்காப் ஊருக்குப் போக வேண்டும். வேனுக்கு என்ன நிறம் அடித்தால் நம்புவீர்கள், சொல்லுங்கள்.