அண்ணனின் கோகோ மிட்டாயும் அதைக் காய்ச்சிய அண்டாக்களும்

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு. இந்த நினைவு மலரில் அவர் பெருமையை மட்டும் எழுதச் சொன்னார்கள் உறவினர்கள். பெருமையும் எழுதுகிறேன், மற்றதையும் எழுதுவேன். பிடிக்காதவர்கள் படிக்க வேண்டாம்.

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், வெல்லம் காய்ச்சும் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். மழை பொய்த்துக் கரும்பு காய்ந்த பிறகு சேலத்தில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலைக்குப் போனார். தகர டப்பாவில் வரும் கோகோத் தூளை அங்கேதான் கண்டார். ஒரு டப்பா வாங்கி வந்து, எருமைப் பாலில் சர்க்கரையோடு போட்டுக் கிண்டி, வில்லையாக வெட்டினார்.

"ஏனுங் மாப்ள, எருவாட்டிய வெட்டி விக்கறீங்களா?" என்று, வறட்டி போலிருந்த அதைப் பார்த்து மாமா சிரித்தார்.

"ஒண்ணு வாயில போட்டுட்டுச் சொல்லுங்க மாமா."

மாமா நான்கு தின்றார்.

சில ஆண்டுகளில் நாமக்கல் முதல் ஆத்தூர் வரை சந்தைக்குச் சந்தை அது போயிற்று. சிவப்புத் தாள் சுற்றிய கோகோ மிட்டாய் வாங்கித் தராமல் பிள்ளைகளைத் தேருக்குக் கூட்டிப் போக முடியாது. ஒரு பித்தளை அண்டா ஆறானது. ஒவ்வொரு அண்டாவையும் இறக்கியதும் அடியைச் சுரண்டி அண்ணன்தான் முதலில் தின்பார். "நாம திங்காதத ஊரான் புள்ளைக்குக் குடுக்கப்படாது அம்மணி" என்று என்னிடம் சொல்வார்.

பிறகு யுத்தம் வந்தது. சர்க்கரை பங்கீட்டுக்குப் போனது, வெல்லத்தை வைத்துச் சமாளித்தோம். அண்டாவின் உள்பூச்சுக்கு வெள்ளீயம் மட்டும் கிடைக்கவில்லை. ஈயம் பூசுகிறவர் ஒளிக்காமல் சொன்னார்: "இதுல பாதிக்குமேல காரீயங்க. திங்கற பண்டத்துக்கு ஆகாதுங்க."

அண்ணன் அப்போது சந்தைக்குப் போயிருந்தார். "தேரு வருது. பளபளன்னு இருந்தாச் சரி, ஆறு அண்டாவுக்கும் பூசுங்க" என்றது நான். எனக்காக இதை யாரும் மறைக்க வேண்டாம்.

நான்கைந்து மாதத்தில் அண்ணனுக்கு வயிறு முறுக்கி வலித்தது. முகம் வெளுத்தது. கண் பட்டுவிட்டது என்று உறவினர்கள் நீங்கள் பூசணிக்காய் உடைத்தீர்கள், கயிறு கட்டினீர்கள். அவர் வழக்கம்போல் சுரண்டித் தின்றுகொண்டிருந்தார். ஒரு நாள் பாகு கிண்டுகிற துடுப்பு கையிலிருந்து விழுந்தது. மணிக்கட்டு தொங்கிவிட்டது, தூக்க முடியவில்லை. சேலத்து டாக்டர் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். கருநீலக் கோடு. "எந்தப் பாத்திரத்துல சமைக்கறீங்க?" என்று கேட்டார். அது காரீய விஷத்தின் கோடு என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அடித்திருந்தால் ஆறியிருக்கும். "அப்ப அந்தப் புள்ளைங்க?" என்றார்.

மறுநாளே அடுப்பை அணைத்தார். இருந்த மிட்டாயைக் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். "ஓடற தொழில மூடறானே, பைத்தியம்" என்று வாசலில் நின்று கத்தியவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். கடைசியில் வலிப்பு வந்தது.

டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

நான்கு அண்டாக்களைச் சம்மட்டியால் உடைத்துவிட்டேன். மற்ற இரண்டும் கல்யாணச் சமையலுக்கு இரவல் போனவை, திரும்பவில்லை. கடைசி நாட்களில் அவற்றைத் திருப்பிக் கேட்டு அண்ணன் மூன்று முறை ஆள் அனுப்பினார். "பாயசம் வெக்க வாட்டமா இருக்குது, இருக்கட்டுங்க" என்று பதில் வந்தது. யார் வீடு என்று எனக்குத் தெரியும். அதில் இனி பால் ஊற்றாதீர்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அமாவாசைக்குள் அண்டா இங்கே வர வேண்டும். வராவிட்டால் சம்மட்டியோடு நான் அங்கே வருவேன்.

உடன்பிறந்த தங்கை