லோஜினி நிறுத்திய விளம்பரங்கள்

லோஜினியை வேலைக்குச் சேர்த்த அன்றே நிரஞ்சனிடம் பலர் எச்சரித்தார்கள். "அந்தப் புள்ள எதிர்த்துப் பேசுமுங்க." மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள் அவள். கொழும்பில் துணிக்கடையொன்றில் வேலை பார்த்தபோது, நின்று நின்று கால் வீங்கிய பெண்களுக்கு நாற்காலி கேட்டதற்காக வெளியே அனுப்பப்பட்டவள். நிரஞ்சன் சிரித்தான். "நமக்கு வேணுங்கிறது அவ வாயி இல்லீங்க, கைதான்" என்றான். கை மட்டும் தனியாக வேலைக்கு வராது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

ஹட்டன் கடைவீதியில் மருந்துக்கடைக்கு மேலே அவர்களுடைய அறை. சிறு வியாபாரிகளுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுக் கொடுப்பதுதான் தொழில். வெளிநாட்டுக்குப் பணம் கட்டக்கூடிய அட்டை நிரஞ்சனிடம் மட்டும் இருந்ததால், எல்லோருடைய விளம்பரங்களும் அவனுடைய ஒரே கணக்கில் ஓடின. நல்லதண்ணி என்ற மலையூரின் விடுதி, பாஹிமின் தேயிலைப் பைக்கட்டு, ஜீவராணி தைக்கும் ரவிக்கை எல்லாம் ஒரே சுவரைப் பகிரும் லயத்து அறைகளான காம்பராக்களைப் போல ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு காம்பராவில் ஆணி அடித்தால் அடுத்த காம்பராவில் சாமி படம் விழும்.

அதனால்தான் அந்தக் கணக்கில், எழுதிச் சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ ஏஜென்டை இணைத்தபோது லோஜினி அதைக் கயிறு அவிழ்த்து விடவில்லை. அது விளம்பரங்களைப் பார்க்கலாம், நிறுத்தி வைக்கலாம். அழிக்க முடியாது, செலவைக் கூட்ட முடியாது. நிறுத்தும் முன் ஒவ்வொன்றின் பெயரையும் அது யாருடையது என்பதையும் சொல்லி, அவள் சம்மதம் பெற்ற பிறகே கை வைக்க வேண்டும்.

"என்னா, இங்கயும் பெரட்டு நடத்துறியா?" என்று நிரஞ்சன் கேலி செய்தான். தோட்டத்தில் காலையில் கண்டாக்கு என்னும் மேற்பார்வையாளர் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பதைத்தான் சொன்னான்.

"ஆமாண்ணே. பேரக் கூப்புடாம, எந்த மலைன்னு சொல்லாம கண்டாக்கு ஆள அனுப்புவாரா?"

பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு முந்தின நாள், விடாத மழைக்குள் தனுஜா அழைத்தாள். நல்லதண்ணி விடுதியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். லோஜினியோடு ஒன்றாகப் படித்தவள்.

"லோஜி, இங்க ஏறி வர்ற ரோட்டு வளைவுல மண்ணு சரிஞ்சிருச்சுடி. பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. இன்னும் மண்ணு வந்துக்கிட்டே இருக்கு. ஆனா ஒங்க வெளம்பரத்தப் பாத்துட்டு ஆளுக காசு கட்டிக்கிட்டே இருக்காங்க. புள்ளகுட்டியோட வேனுல வர்றாங்களாம்."

"ஒங்க முதலாளி என்னா சொல்றாரு?"

"அவரு கொழும்புல காஞ்ச எடத்துல இருக்காரு. வரட்டும், நடந்து ஏறிக்கிருவாங்கங்கிறாரு."

நிரஞ்சன் தேநீர் குடிக்கக் கீழே போயிருந்தான். லோஜினி காத்திருக்கவில்லை. நல்லதண்ணிக்கு ஆள் வரவழைக்கும் விளம்பரங்களை எடுத்துக் காட்டும்படி ஏஜென்டுக்கு எழுதினாள். அது வரிசையாகக் காட்டி, நிறுத்தட்டுமா என்று கேட்டது. 'ஆம்' என்று தட்டப்போன விரல் நின்றது. கடைசியில் ஜீவராணியின் ரவிக்கை இருந்தது. 'நல்லதண்ணியிலிருந்து தபாலில் அனுப்புவோம்' என்ற வரியைப் பார்த்து அதையும் சேர்த்துவிட்டிருந்தது. ஜீவராணி தைப்பதைக் கொழும்புக்காரர்கள் வாங்குகிறார்கள். அதற்காக யாரும் மலை ஏற வேண்டியதில்லை; தபால் சில நாள் பிந்தினாலும் பரவாயில்லை. தைப்பொங்கலுக்கு வரும் ஆர்டர்தான் அவளுக்கு வருடத்துச் சோறு.

"ரவிக்கையைத் தொடாதே. விடுதியுடையது மட்டும். முதலில் ஒன்று" என்று எழுதினாள். ஒன்று நின்றது. ஏஜென்ட் சொன்னதை மட்டும் நம்பாமல் விளம்பரப் பக்கத்தைத் தானே திறந்து பார்த்தாள். நின்றுதான் இருந்தது. பிறகே மற்றவற்றுக்குச் சம்மதம் கொடுத்தாள். ரவிக்கையும் தேயிலையும் ஓடிக்கொண்டிருந்தன.

நிரஞ்சன் படியேறி வரும்போதே கத்தினான்.

"யாரக் கேட்டு நிப்பாட்டுன? விடுதி மொதலாளி வெளம்பரம் நின்னதப் பாத்துட்டு போன்ல என்னைய கிழிகிழின்னு கிழிக்கிறாரு!"

"ரோடு இல்லாத ஊருக்கு ஆளக் கூப்புட முடியாதுண்ணே."

"ஒனக்குச் சம்பளம் குடுக்கிறது ரோடா, நானா?"

"நீங்கதான். அதுக்காக ஆளுகள மண்ணுக்குள்ள அனுப்பச் சொன்னா அனுப்ப மாட்டேன். அழிக்கலையே, நிப்பாட்டித்தான வச்சிருக்கேன்? ரோடு தொறந்தா அடுத்த நிமிசம் ஓடும்."

"இப்ப ஓடவிடு."

"மாட்டேன். நீங்களே ஓடவிடுங்க." மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். "ஆனா மொதல்ல தனுஜா அனுப்பியிருக்கிற வீடியோவப் பாருங்க."

அவன் பார்த்தான். சேறு ஒரு மின்கம்பத்தை மெதுவாகச் சாய்த்துக்கொண்டு இறங்கியது. திரும்பவும் பார்த்தான். கணினியைத் தொடவில்லை.

"சரி, நின்னது நிக்கட்டும். அந்தாள நான் சமாளிச்சுக்கிறேன். இத்தோட விடு."

"ஏற்கெனவே காசு கட்டுனவங்க நாளைக்கு வெள்ளன கெளம்பிருவாங்களே? வெளம்பரம் நின்னது அவங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அது விடுதிக்காரன் பாடு, லோஜி."

"அவரு சொல்ல மாட்டாரு." வீடியோவோடு தனுஜா அனுப்பியிருந்த, காசு கட்டியவர்களின் எண்களைத் தன் கைப்பேசியில் திறந்தாள்.

"நீ கூப்புட்டேன்னா அந்தாளு இனிமே நமக்கு வேலையே தர மாட்டாரு. ஒன்னைய நாளைக்கு வராதேன்னு சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்க. நான் வருவேன். பாஹிம் நானாவோட தேயிலைக்குப் புது வெளம்பரம் நாளைக்கு ஏத்தணும்."

லோஜினி முதல் எண்ணைத் தட்டினாள். மறுமுனையில் மணி அடித்தது. ஓர் ஆண்குரல் சிங்களத்தில் யார் என்று கேட்டது. பின்னால் ஒரு குழந்தை எதற்கோ அடம்பிடித்து அழுதுகொண்டிருந்தது.

லோஜினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். தன் பெயரையும் ஊரையும் சிங்களத்தில் தெளிவாகச் சொன்னாள். "மாத்தயா, நீங்க பார்த்த நல்லதண்ணி விடுதி விளம்பரத்தைப் போட்டவளே நான்தான். நாளைக்குக் கிளம்பாதீங்க" என்றாள்.