இரண்டு காதுள்ள முயல்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களைக் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் ஆயுளில் பாதியைக் கழித்தவர். அவர் கை பட்டு ஒரு கோப்பை உடைந்ததில்லை. நானாகச் சொல்லவில்லை. அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். பெட்டியைக் கட்டி முடித்ததும் காதருகே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குவார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்கும் டாக்டரின் முகம் அப்போது அவருக்கு வந்துவிடும். உள்ளே ஏதாவது லேசாக முனகினால் போச்சு, பிரித்துப் போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

தொழில் பக்தி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. சர்க்கரை டப்பாவுக்கு டேப். வெயில் காலத்தில் குடைக்கு டேப். "உங்க வாய்க்கு மட்டும்தான் இன்னும் ஒட்டலை" என்பாள் அக்கா. தெருவில் அவர் பெயரே 'டேப்பு' ஆகிவிட்டது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த ஒரே மகள் மாதக் கடைசி நாளாகப் பார்த்துப் பிறந்தாள். வாடகைக்கு இருக்கும் ஜனமெல்லாம் மூட்டை கட்டும் நாள் அது. ஆகவே அவளுடைய ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அத்தான் யார் வீட்டுப் பீங்கான் தட்டையோ தாலாட்டிக்கொண்டிருப்பார். கேக் மறுநாள்தான் வெட்டப்படும். நாங்கள் வாண்டு என்று கூப்பிடும் அந்தப் பெண், ஏழாவது பிறந்தநாள் நெருங்கியபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்:

"எல்லாரும் பிறந்தநாள் கொண்டாடறாங்க. நான் மட்டும் ஏம்ப்பா பழைய பிறந்தநாள் கொண்டாடறேன்?"

அத்தானுக்குச் சுருக்கென்றது. சரித்திரத்திலேயே முதன்முறையாக மாதக் கடைசியில் லீவு போட்டார். ஊரில் இருந்தால் முதலாளி வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்ற பயத்தில், என்னையும் சேர்த்துக் குடும்பத்தை ரயிலேற்றினார். மலையில் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் பயணம். சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கி, அப்புறம் பஸ் பிடிக்க வேண்டும். வாண்டோ இருட்டியதும் சுருண்டுவிடுகிற ரகம். எனவே கேக்கை ரயிலிலேயே வெட்டியாக வேண்டும். தவறினால் இதுவும் பழைய பிறந்தநாள்தான்.

கேக்கின் மேல் சர்க்கரையில் செய்த முயல் இருக்க வேண்டும், அதற்கு இரண்டு காதும் இருக்க வேண்டும் என்பது வாண்டின் உத்தரவு. போன வருஷத்து முயல் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் ஒற்றைக் காதாகிவிட்டிருந்தது.

"அது உங்கம்மா தூக்கிட்டு வந்தது. இந்தத் தடவை நானே கட்டறேன், பாரு" என்றார் அத்தான்.

கட்டினார். ஊரே பார்க்கும்படி, ஒரு டெலிவிஷன் அளவுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது.

ரயிலில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பெட்டியைச் சீட்டில் வைத்ததும் அக்கா கையை நீட்டினாள்.

"கத்தி?"

"உள்ள இருக்கு. தனியா வச்சா தொலைஞ்சிடுமில்ல?"

"கத்திரிக்கோல்?"

"அதுவும் உள்ளதான்."

"மூளை?"

"அதையும் பத்திரமா உள்ளதான் வச்சிருப்பாரு" என்றார் எதிர் சீட்டு அம்மாள், யாரும் கேட்காமலே.

நகத்தால் சுரண்டினோம். நான் பல்லால் கடித்துப் பார்த்தேன். பல் ஆடியது, டேப் ஆடவில்லை. அப்போது வந்த டிக்கெட் பரிசோதகர் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"என்ன சார் இதுல?"

"கேக்."

"கேக்குக்கா இவ்வளவு பந்தோபஸ்து?"

ஆனாலும் நல்ல மனுஷன். இடுப்புச் சாவியை எடுத்து அறுக்க உட்கார்ந்துவிட்டார். பெட்டி திறந்தது. உள்ளே இன்னொரு பெட்டி. அதைத் திறந்தால் கசக்கிய பேப்பர், பஞ்சு, மறுபடி ஒரு பெட்டி. வெயில் ஜன்னலைவிட்டு நழுவிக்கொண்டிருந்தது. வாண்டு கொட்டாவி விட்டாள். ஒவ்வொரு கொட்டாவிக்கும் அத்தானின் முகத்தில் ஒரு விளக்கு அணைந்தது.

"தூங்கிடாதடி கண்ணு. இதோ வந்தாச்சு."

"மத்தவங்க வீட்டுச் சாமானையும் இப்படித்தான் கட்டுவியாப்பா?"

"இதைவிட நல்லா."

"பாவம்ப்பா அவங்க."

கடைசிப் பெட்டியும் திறந்தது. முயல் எங்களை ஏறிட்டுப் பார்த்தது. இரண்டு காதும் விறைப்பாக நின்றன. பெட்டி முழுக்கக் கைதட்டல். ரயில் பெட்டியைச் சொல்கிறேன். அக்கா மெழுகுவத்தியை நட்டுத் தீப்பெட்டியைத் தேட, பரிசோதகருக்குத் திடீரென்று உத்தியோகம் ஞாபகம் வந்தது.

"வண்டியில நெருப்பு கூடாதும்மா." சொல்லிவிட்டு அவரே டார்ச்சை எடுத்து மெழுகுவத்திக்குப் பின்னால் பிடித்தார். வாண்டு ஊதினாள். அவர் பட்டென்று அணைத்தார். அவ்வளவு நேர்த்தியாக எந்தத் தீயும் அணைந்ததில்லை.

கத்தி அத்தான் கையில் இருந்தது. கை கேக்குக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. எதையும் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கவே பழகிய கை அது.

வாண்டு பொறுத்துப் பார்த்தாள். பிறகு முயலின் ஒரு காதைப் படக்கென்று ஒடித்து அவர் வாயில் திணித்தாள்.

"சாப்பிடுப்பா. இன்னைக்கே சாப்பிடு."

அத்தான் மென்றார். கண்ணை ஏன் துடைத்துக்கொண்டார் என்று கேட்டதற்கு, பஞ்சுத் தூசி என்றார். நாங்களும் நம்பினோம்.

ஸ்டேஷன் வருவதற்குள் வாண்டு தூங்கிவிட்டாள். மூட்டைகளை என் தலையில் கட்டிவிட்டு அவளை அவர் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாழ்நாளில் அவர் டேப் ஒட்டாமல் தூக்கிய ஒரே சரக்கு அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது அவர் ஓய்வு பெற்றாயிற்று. வாண்டு வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அவள் வந்திருக்கும்போது விருந்தாளி யாராவது சிக்கினால் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

"இத்தனை வருஷத்துல என் கண் முன்னால ஒரு பொருள் உடைஞ்சதில்லை சார்."

வாண்டு எதிரில் உட்கார்ந்து தன் காதை இரண்டு விரலால் பிடித்துக்கொள்வாள்.

"ஒண்ணே ஒண்ணைத் தவிர" என்பார் அத்தான்.