டிரைவர் தட்டு

பஸ் நின்றதும் ஒரு தட்டு வரும். நாலு போண்டா, இரண்டு பஜ்ஜி. சித்தூர் திருப்பதி சாலையில் எந்தக் கடை முன்னால் பஸ்ஸை நிறுத்துகிறோமோ, அந்தக் கடையில் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் காசு கிடையாது. நான் டிரைவர். போக ஒன்று, வர ஒன்று. ஒரு நாளைக்கு இரண்டு நடை, நாலு தட்டு. ஆந்திர எல்லை பிரிப்பில் புத்தூர் எந்தப் பக்கம், திருத்தணி எந்தப் பக்கம் என்று பஸ்ஸுக்குள் ஓயாமல் சண்டை நடந்த வருஷங்கள் அவை. என் சண்டை வயிற்றோடு.

எரிச்சல் முதலில் காலையில் மட்டும் வந்தது, பிறகு எந்நேரமும். ஒருநாள் சந்திரகிரி தாண்டி வலி பிடித்து இழுத்தது. முன் சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலையை விட்டுவிடு என்றார் பஸ் முதலாளி. வேறு தொழில் எனக்குத் தெரியாது.

கண்டக்டர் தெலுங்குக்காரர், என்னைவிடச் சின்னவர், வாய் நீளம். மறுநாள் தட்டு வந்தபோது கையால் மறித்தார்.

“போண்டா ஓசி, ண்ணா. வவுறும் ஓசியா?”

அன்றிலிருந்து வீட்டுக்காரி கட்டிக் கொடுத்த களியை எதிர்ப்புற மரத்தடியில் உட்கார்ந்து தின்றேன். அங்கேதான் தப்பு நடந்தது. டிரைவர் தின்னும் கடையைத்தான் ஜனங்கள் நம்புவார்கள். டிரைவரே தொடவில்லையே, எத்தனை நாள் எண்ணெயோ என்று பேச ஆரம்பித்தார்கள். கடைக்காரர் முதலாளியிடம் போய், இவன் தின்னாவிட்டால் வேறு டிரைவரைப் போடுங்கள் என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். கண்டக்டர்தான் கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“அவரு துன்னணும், அவ்ளோதானே? நாளைக்கு ஒரு இட்லி குண்டான் வை. ஜனம் பாக்கற மாதிரி உன் கடையாண்டயே குந்திக்கினு துன்னுவாரு.”

வைத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ஒரு மாதத்தில் இரண்டாவது குண்டான் வாங்கினார். பஜ்ஜிச் சட்டி எங்கும் போய்விடவில்லை, சின்னதானது. என் எரிச்சல் அடங்க ஆறு மாதம் பிடித்தது. அப்புறம் முப்பது வருஷம் ஓட்டினேன்.

கண்டக்டர் இப்போது இல்லை. இருந்திருந்தால் என் பேரனிடம் அவரையே பேசச் சொல்லியிருப்பேன். பேரன் அதே சாலையில் வாடகைக் கார் ஓட்டுகிறான். வழியெல்லாம் கடை. இரண்டு வேளையும் ஃப்ரைட் ரைஸ், பரோட்டா. நெஞ்சைத் தடவிக்கொண்டே வீட்டுக்கு வருகிறான். எனக்கு நீட்டிச் சொல்ல வராது. மேலே எழுதியதை மட்டும் சொன்னேன். சிரித்தான்.

போன வாரம் கிளம்பும்போது டப்பாவில் சோறு கட்டச் சொன்னான்.

“பாதி நாளு கடை, பாதி நாளு வூடு. போதுமா, தாத்தா?”

போதும் என்றேன்.