ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர்

புதன்கிழமைகளில் எனக்கு அஞ்சல் அலுவலகத்தில் வேலை இல்லை. பிரான்சில் அப்போது புதனன்று பள்ளிக்கூடமும் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நான் ஒரு வம்பை விலைக்கு வாங்கினேன். எண்பதுகளின் பின்பாதி அது. சார்செலிலிருந்து ரயில் பிடித்து வந்து, பாரிஸின் லா ஷப்பேலில் ஒரு தேவாலயத்தின் பின்கூடத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகவே போய்ச் சாமியாரிடம் சாவி கேட்டு வாங்கினேன்.

நான் புதுச்சேரிக்காரி. என் தமிழைக் கேட்டால் அந்தப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவர்கள் அடிமட்டம் என்பார்கள், நான் ரெகிள் என்பேன். கோடு போட எது என்றாலும் சரிதான். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில் இருந்தது. வாய்ப்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள் அவர்கள். பரப்பளவு என்றால் என்ன என்று கேட்டால் நீளம் தர அகலம், அதாவது நீளம் பெருக்கல் அகலம், என்று பாட்டாகவே பாடுவார்கள். இந்தக் கூடத்தில் நீளம் எது, போய்க் கையை வைத்துக் காட்டு என்றால் கூரையைப் பார்ப்பார்கள். முதல் நாளே கொப்பிகளையெல்லாம் பைக்குள் வைக்கச் சொன்னேன். லூயி-பிளாங் தெருக் கடைகளில் மாம்பழமும் வெண்டைக்காயும் வந்து இறங்கிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்தேன். மைதா மாவில் பசை காய்ச்சினேன். இனிமேல் எதையும் கட்டிப் பார்த்துத்தான் படிக்கப்போகிறோம் என்றேன்.

பெற்றவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அட்டை வெட்டவா பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று ஒரு தாய் என் காதில் விழும்படியாகவே சொன்னார். ஆமாம், அட்டை வெட்டத்தான் என்று நானும் அவர் காதில் விழும்படி சொன்னேன். இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பதினொரு வயது, பிரான்சுக்கு வந்து ஒன்றரை ஆண்டு. அப்பா ஒரு உணவகத்தின் சமையல்கட்டில் வேலை செய்தார். அடுத்த செப்டம்பரில் அவள் சிசியேமுக்கு, அதாவது மேல்பள்ளியின் முதல் வகுப்புக்குப் போகவேண்டியவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் அவளைப் படிப்பு ஏறாத பிள்ளைகளுக்கான தனிப் பிரிவில் போடலாம் என்று பேச்சு. அதில் போனவர்கள் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் அப்பாவுக்கு மொழிபெயர்க்க நான்தான் கூடப் போனேன்.

வகுப்பு ஆசிரியை, அந்த மெத்ரெஸ், கெட்டவர் அல்ல. களைத்துப்போன மனுஷி. பிள்ளையின் பரீட்சைத் தாள்களை எங்கள் முன்னால் விரித்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. வடிவமும் அளவும் வருகிற பக்கங்கள் வெள்ளையாகக் கிடந்தன. கேள்வியைக் கரும்பலகையில் படம் போட்டுத்தான் கேட்கிறேன், இவள் பேனாவைக்கூடத் தொடுவதில்லை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஈஸ்டர் விடுமுறை முடியட்டும், அவள் கையால் அளந்து கட்டிய ஒன்றோடு அவளைக் கூட்டிவருகிறேன், அதுவரை எதையும் எழுதி அனுப்பாதீர்கள் என்றேன். அவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: அவளே செய்து, அவளே பேச வேண்டும், நான் வாயைத் திறக்கக்கூடாது. என்னைப் பற்றி அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வேலையாகப் பிள்ளைகள் எல்லாரையும் வீட்டுக் கதவை அளந்து வந்து சின்னதாகக் கட்டச் சொன்னேன். ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர், அதுதான் எங்கள் சட்டம். இவள் கட்டிக்கொண்டு வந்த கதவு ஏறக்குறையச் சதுரமாக இருந்தது. கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஒளிப்பானேன். விசாரித்தால், வீட்டில் இருந்தது அம்மாவின் தையல் நாடா. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். உயரத்தை அப்பா கதிரையில் ஏறி அளந்து எழுபத்தொன்பது என்று சொல்லியிருக்கிறார். அவருக்குக் கதவென்றால் அங்குலம்தான். அகலத்தை இவள் அளந்து எழுபத்தைந்து என்று எழுதியிருக்கிறாள், இவளுக்குச் சென்டிமீட்டர்தான். லா ஷப்பேலில் அன்றைக்கு இப்படிச் சதுரக் கதவு எத்தனை வீட்டில் கட்டியிருப்பார்களோ. நாடாவின் இரண்டு பக்கத்தையும் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. புது அட்டை ஒன்று எடுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். அப்போதுதான் இவளை விடுவதில்லை என்று நான் தீர்மானம் செய்தேன்.

அடுத்து அவரவர் இருக்கும் அறையைக் கட்டச் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் நான்கு சுவரோடு நிறுத்தினார்கள். இவள் ஜன்னல் வெட்டினாள், குசினி அடுப்பு வைத்தாள், பிறகு சின்னச் சின்ன நீள்சதுரங்களாக அட்டை நறுக்கித் தரையில் அடுக்கத் தொடங்கினாள். என்னடி இது என்றேன். படுக்கை என்றாள். ஊரிலிருந்து வந்து இறங்கியவர்கள், வேறு இடம் கிடைக்கும்வரை அவர்கள் அறையில்தான் தங்குவார்கள். மாலையில் மெத்தைகளையும் பாய்களையும் விரிப்பது இவள் வேலையாம். யாராவது புதிதாக வந்தால் அவருக்கும் இடம் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நீள்சதுரத்தைக் குறுக்கே திருப்பினாள், இன்னொன்றைச் சுவரோடு தள்ளினாள், நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் வந்தது. கதவுக்குப் பக்கத்தில் மட்டும் தரையில் பென்சிலால் வளைவாக ஒரு கோடு. அதற்குள் எதையும் வைக்கவில்லை.

ஏன் அங்கே வைக்கவில்லை என்று கேட்டேன்.

“கதவு திறக்கோணும் ரீச்சர். அப்பா வேலையாலை வரேக்கை எல்லாரும் படுத்திடுவினம்.”

கால்வட்டம் என்ற சொல்லை நான் அவளுக்கு அதுவரை சொல்லிக்கொடுத்ததில்லை. அவள் போட்டிருந்தது கச்சிதமான கால்வட்டம். இதைத் தூக்கிக்கொண்டு போய் அந்த மெத்ரெஸ் மேசையில் வைத்தால் போதும், வேலை முடிந்தது என்று துள்ளினேன்.

மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக அப்பா வந்தார். அந்த அறையைக் குனிந்து பார்த்தார். முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. படுக்கைகளைப் பார்த்ததும் போய்விட்டது.

“வேண்டாம் ரீச்சர். உதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகேலாது. எத்தினை பேர் படுக்கினமெண்டு பாத்தவுடனை தெரிஞ்சிடும். கொன்சியேர்ஜுக்கு நாங்கள் நாலு பேரெண்டுதான் சொல்லியிருக்கு.”

நான் விடுவேனா. உங்க பொண்ணு படிப்பு பெரிசா, கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அந்த அம்மா பெரிசா என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. அந்த அறையைவிட்டு வெளியேறச் சொன்னால் அத்தனை பேரும் எங்கே போவது என்று மட்டும் கேட்டார். சார்செலில் என் பேரில் வீடு வைத்துக்கொண்டு நான் பேசிய பேச்சு எனக்கே கசந்தது. படுக்கைகளை எடுத்துவிட்டு வெறும் அறையைக் கொண்டுபோகலாமே என்றேன். அதற்குப் பிள்ளைதான் தலையாட்டி மறுத்தாள். வெறும் அறையில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லையாம்.

“நான் வகுப்பைக் கட்டுறன்,” என்றாள்.

ஈஸ்டருக்கு அதிக நாள் இல்லை. பள்ளிக்கூடத்தில் நாடாவோடு நடமாட முடியாது. ஆனால் வகுப்புத் தரையில் சதுரமான தளக்கற்கள் பதித்திருந்தன. அதில் ஒன்றை மட்டும் தன் அடிமட்டத்தால் அளந்துகொண்டாள். மீதியை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினாள். விடுமுறையிலும் நான் ரயில் பிடித்து வந்து கூடத்தைத் திறந்தேன். சுவர் வளைந்தது, பசை காயவில்லை, ஒரு தடவை நான் தவறுதலாக ஜன்னல் பக்கத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் வேறு அட்டை எடுத்தாள். மேசைகளை அவள் கடைசி நாள் வீட்டில் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தாள்.

விடுமுறை முடிந்து முதல் நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவளும் அப்பாவும் நானுமாகப் போனோம். மெத்ரெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வகுப்பை நாலா பக்கமும் திருப்பிப் பார்த்தார். மரத்தாலான மீட்டர் கோலை எடுத்து, நிஜமான சுவரை அளந்தார். சின்னச் சுவரை அளந்தார். பரப்பளவைக் கேட்டார். பிள்ளை சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்கு மாற்றி, ஐம்பத்திரண்டு சதுர மீட்டர் என்று பிரெஞ்சில் மெல்லச் சொன்னாள். அவர் பெருக்கிப் பார்த்துத் தலையசைத்தார். என் நெஞ்சு நிறைந்தது. அப்போது அவர் விரல், பிள்ளையின் பெயர் எழுதியிருந்த மேசையில் போய் நின்றது.

இது தப்பு என்றார். உன் மேசை இங்கே இல்லையே.

எண்ணிப் பார்க்காமல் ஒட்டிவிட்டாளா? வாயைத் திறக்கமாட்டேன் என்று கொடுத்த வாக்கு என் பல்லுக்கு நடுவில் கிடந்து துடித்தது. அப்பா என்னையும் மெத்ரெஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிள்ளை பிரெஞ்சில் பேசினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தெரியும் மதாம், என் மேசை அலுமாரிக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே இருந்தால் கரும்பலகையில் பாதிதான் தெரியும், நீங்கள் படம் போடுகிற பக்கம் தெரியாது. இந்த வரிசையைத் திருப்பினால் இங்கே ஒரு மேசைக்கு இடம் வரும். கதவும் திறக்கும்.

மெத்ரெஸ் எழுந்து பின்னால் போனார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து, பலகைப் பக்கம் பார்த்தார். கழுத்தை ஒரு பக்கம் நீட்டிப் பார்த்தார். எழுந்து வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. வரிசையின் கடைசி மேசையை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடி என்று பிள்ளையிடம் சொன்னார். அப்பாவும் நானும் கை கொடுத்தோம். ஒவ்வொன்றாகத் திருப்பினோம். கடைசியில் அவள் மேசையைத் தூக்கி வந்து, அவள் ஒட்டியிருந்த இடத்தில் வைத்தோம். சரியாகப் பொருந்தியது. மெத்ரெஸ் போய்க் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்.

சிசியேமுக்கே எழுதி அனுப்புகிறேன் என்றார் அவர். நான் அப்பாவுக்கு அதைத் தமிழில் சொல்லத் திரும்பினேன். அவருக்கு அதற்குள் புரிந்துவிட்டது. வேலைக்குப் போக நேரமாகிவிட்டதால் மகளைக் கூப்பிட்டார்.

அவள் வரவில்லை. புது இடத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவள் முழுவதையும் பார்த்தாள்.